நன்றாக எண்ணும் நாடு நோயாளியாகத் தெரிகிறது

கேரளத்தில் 2020ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு 7 பேர் இறந்தார்கள், பீகாரில் 5.4 பேர். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவு முறை தரும் கணக்கு இது. அதே அறிக்கையில், ஒரு வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள் கேரளத்தில் ஆயிரத்துக்கு 6, பீகாரில் 27. முதல் கணக்கை மட்டும் பார்ப்பவர், பீகாருக்குக் குடிபெயர்ந்தால் ஆயுள் கூடும் என்று நினைக்கக்கூடும். ஜப்பானையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் முற்றிவிடும்: மிக நீண்ட ஆயுள் கொண்ட மக்கள் வாழும் அந்த நாட்டில் இப்போது ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 12 பேருக்கு மேல் இறக்கிறார்கள். விடை கடினமானதல்ல. கேரளத்திலும் ஜப்பானிலும் முதியவர்கள் அதிகம், பீகாரில் பிள்ளைகள் அதிகம். கிழவர்கள் நிறைந்த ஊரில் சாவு அதிகம் விழுவது இயல்பு. ஆகவே ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தனித்தனியே பார்த்து, இரண்டு இடங்களிலும் ஒரே வயது அமைப்பு இருந்திருந்தால் மொத்தம் என்னவாகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கு வயதுச் சீராக்கம் என்று பெயர். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிட்சுவோ செகி, 24 நாடுகளின் புற்றுநோய் இறப்புகளை ஒப்பிடுவதற்காக 1960இல் ஒரு கற்பனை ‘உலக மக்கள்தொகை’யை அமைத்தார், சில திருத்தங்களோடு அது புற்றுநோய்ப் பதிவேடுகளில் இன்றும் புழங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் தனக்கென வேறொன்றை வகுத்துக்கொண்டது. எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும், சில வேளை நாடுகளின் வரிசையும் மாறும். ஆனாலும் இது பென்சிலும் தாளும் இருந்தால் தீர்ந்துவிடும் சிக்கல்தான்.

தீராத சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. இறப்பை விட்டுவிட்டு, ‘அண்மையில் உங்களுக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டதா?’ என்று வீடு வீடாகக் கேட்டால் என்ன கிடைக்கும்? அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. இந்திய மாநிலங்களில் மிக நீண்ட ஆயுள் கொண்ட கேரள மக்கள்தான் தங்களுக்கு நோய் இருப்பதாக மிக அதிகமாகச் சொன்னார்கள். ஆயுள் குறைந்த பீகார் மக்கள் மிகக் குறைவாகச் சொன்னார்கள். அமெரிக்கர்களையும் ஒப்பிட்டால் அவர்கள் கேரளத்தையும் மிஞ்சினார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அருகில் இருக்கும் இடத்தில் மூட்டுவலி ஒரு நோய். அவை இல்லாத இடத்தில் அது வயதாவதன் இலட்சணம். இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பொருட்படுத்த வேண்டிய மறுப்பும்கூட: கேரளத்தவர்கள் உண்மையிலேயே நோயாளிகளாக இருக்கலாமே? வயது கூடியவர்கள், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் மிகுந்தவர்கள், ஆகவே உள்ளதைத்தான் சொல்கிறார்கள் என்றால்? அதுவும் ஓரளவு சரிதான். ஆனால் எந்த அளவு உண்மை நோய், எந்த அளவு விழிப்புணர்வு என்பதை அந்தப் பதில்களுக்குள்ளிருந்தே பிரித்தெடுக்க முடியாது. வெளியிலிருந்து ஓர் அளவு வேண்டும். இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16 சுற்றிலிருந்து வீட்டுக்கே கருவியைக் கொண்டுசென்று இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் அளக்கத் தொடங்கியது அதனால்தான்.

நாடுகளின் நலத்தை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் ஒரு பெரிய எண்ணுக்கு இரண்டு பொருள் உண்டு. அங்கே துன்பம் அதிகமாக இருக்கலாம். துன்பத்தைக் கண்டு குறித்துவைக்கும் ஏற்பாடு அதிகமாகவும் இருக்கலாம். எண்ணிக்கையில் பிழை வருவது புதிதல்ல. பிழைகள் இரு பக்கமும் சமமாகச் சிதறினால் சராசரியில் அவை ஒன்றையொன்று அழித்துவிடும் என்று புள்ளியியலாளர்கள் ஆறுதல் கொள்வார்கள். மக்கள் நலக் கணக்கில் அந்த ஆறுதல் கிடையாது. மருத்துவர் இல்லாத இடத்தில் நோயைக் கண்டுபிடிப்பவரும் இல்லை. தாலுகா அலுவலகம் தொலைவில் இருக்கும் இடத்தில் இறப்பைப் பதிபவரும் இல்லை. எங்கே நலம் மோசமோ பெரும்பாலும் அங்கேதான் கணக்கும் மோசம் என்பதால், பிழை ஒரே பக்கம் சாய்கிறது: நிலைமை கெட்டிருக்கும் நாட்டை நல்ல நாடாகக் காட்டும் பக்கம். ஆகவே இரண்டு நாடுகளின் எண்களை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு நாடுகளும் எண்ணிய விதத்தை ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத பட்டியல், நன்றாக எண்ணிய நாட்டுக்குத் தண்டனையும் எண்ணாத நாட்டுக்குப் பரிசும் வழங்குகிறது.

பிறப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தை உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமேது என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, கர்ப்பகாலம் எத்தனை வாரமாக இருந்தாலும், தாயின் உடலிலிருந்து வெளிவந்த சிசு மூச்சுவிட்டாலோ, இதயம் துடித்தாலோ, தொப்புள்கொடியில் துடிப்பு இருந்தாலோ அதை உயிருள்ள பிறப்பாகக் கொள்கிறது. சோவியத் ஒன்றியம் இதை ஏற்கவில்லை. 28 வாரத்துக்கு முன்போ, 1,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ, 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த நீளத்திலோ பிறந்த சிசு ஏழு நாளுக்குள் இறந்துவிட்டால், அங்கே அது பிறந்ததாகவும் கணக்கில்லை, இறந்ததாகவும் கணக்கில்லை. சிசு மரணங்களில் பெரும்பங்கு முதல் வாரத்தில், அதுவும் குறைமாதக் குழந்தைகளுக்கு நேர்வது என்பதை நினைத்தால், இந்த ஒரு வரையறை எத்தனை மரணங்களை ஏட்டிலிருந்து அகற்றியிருக்கும் என்பது புரியும். லாத்வியா, எஸ்தோனியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் 1990களின் தொடக்கத்தில் விடுதலையடைந்து உலக வரையறைக்கு மாறியபோது அவற்றின் சிசு மரண விகிதம் ஏறியது. அந்தக் காலத்துப் பொருளாதாரச் சரிவுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் அளவுகோல் மாறியதற்கு நிச்சயம் பங்கு உண்டு.

சோவியத் கதையில் இன்னொரு மடிப்பும் இருக்கிறது. 1971இல் ஆயிரத்துக்கு 22.9 ஆக இருந்த சிசு மரண விகிதம் 1974இல் 27.9 ஆக உயர்ந்தது. ஒரு தொழில்வளம் மிகுந்த நாட்டில் இப்படி நடப்பது கேள்விப்படாத ஒன்று. அதன்பின் மாஸ்கோ அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே பல ஆண்டுகள் நிறுத்திவிட்டது. இமானுவேல் தோத் என்ற பிரெஞ்சு இளம் ஆய்வாளர் 1976இல் இந்த ஏற்றத்தை ஒரு முக்கியச் சான்றாகக் காட்டி, சோவியத் அமைப்பு சரியப்போகிறது என்று புத்தகம் எழுதினார். 15 ஆண்டுகளில் அது சரிந்தும் போனது. ஒரு சுகாதார எண்ணை வைத்து ஒரு வல்லரசின் ஜாதகம் கணிக்கப்பட்டது என்று இந்தக் கதை சிலாகித்துச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் 1980களில் பார்பரா ஆண்டர்சன், பிரையன் சில்வர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் குடியரசு வாரியாகப் பார்த்தபோது வேறொரு சாத்தியம் தெரிந்தது. மத்திய ஆசியக் குடியரசுகளில் கிராமத்துச் சிசு மரணங்கள் முன்பு பதிவாகாமலே போயின. பதிவு முறை மெல்லச் சீரடைந்தபோது அவை ஏட்டில் ஏறத் தொடங்கின. அதாவது அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி நாடு கெட்டதன் அறிகுறியல்ல, கணக்கு திருந்தியதன் அறிகுறி. எண்ணை வெளியிட மறுத்த அரசு தனக்குச் சாதகமான இந்த விளக்கத்தையும் சேர்த்தே மூடி மறைத்துக்கொண்டது என்பது வேடிக்கைதான். தோத்தின் கணிப்பு பலித்தது. அந்தக் கணிப்புக்கு அவர் காட்டிய சான்று அவர் நினைத்த அளவு உறுதியானதல்ல.

இப்படிச் சொல்லும்போது ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. மோசமான எண் வரும் ஒவ்வொரு நாடும், ‘நாங்கள் கவனமாக எண்ணுகிறோம், அதனால்தான்’ என்று தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? அமெரிக்காவில் அப்படித்தான் வாதிட்டு வந்தார்கள். 22, 23 வாரத்தில் பிறக்கும் மிகச் சிறிய சிசுக்களையும் நாங்கள் உயிருள்ள பிறப்பாகப் பதிகிறோம், ஐரோப்பாவில் சில நாடுகள் பதிவதில்லை, ஆகவே எங்கள் விகிதம் கூடத் தெரிகிறது என்றார்கள். இந்த வாதத்தைச் சோதிக்க வழி இருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 2010ஆம் ஆண்டின் தரவை எடுத்து, எல்லா நாடுகளிலிருந்தும் 24 வாரத்துக்கு முந்தைய பிறப்புகளை நீக்கிவிட்டுப் பார்த்தது. அமெரிக்காவின் விகிதம் ஆயிரத்துக்கு 6.1இலிருந்து 4.2 ஆகக் குறைந்தது. சாக்கு அந்த அளவுக்கு உண்மை. ஆனால் 4.2 என்பது பின்லாந்து, சுவீடன், டென்மார்க் நாடுகளின் விகிதத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு மாதத்தில் பிறந்த குழந்தைகளை மட்டும் தனியே எடுத்தாலும், ஒப்பிட்ட நாடுகளிலேயே அமெரிக்காவில்தான் இறப்பு அதிகம். எண்ணும் முறையை விசாரிப்பது நாடுகளைக் காப்பாற்றுவதற்கான வேலையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. விசாரித்தால் சாக்கின் அளவு தெரியும்; மீதி இருப்பது பொறுப்பு.

இறப்பின் காரணத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் தடிக்கிறது. பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ஜாக் பெர்தியோன் 1893இல் ஒரு பன்னாட்டுக் காரணப் பட்டியலை முன்வைத்தார். அதன் வழித்தோன்றலான நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் பொதுவாகிவிட்டது. அதில் எந்த வரியில் குறிப்பது என்பதை ஒவ்வொரு நாட்டு மருத்துவரின் பழக்கம் தீர்மானிக்கிறது. ஜப்பானிய மருத்துவர்களுக்கு இறப்புச் சான்றிதழில் ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. கடைசியில் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தானே செய்கிறது. 1995இல் புதிய சான்றிதழ்ப் படிவம் வந்தது. நோயின் இறுதிக் கட்ட நிலையாக இதயச் செயலிழப்பையோ சுவாசச் செயலிழப்பையோ எழுத வேண்டாம் என்று அதிலேயே குறிப்பு இருந்தது. அந்த ஓராண்டில் ஜப்பானின் இதய நோய் இறப்புக் கோடு செங்குத்தாக விழுந்தது. யாருடைய இரத்தக்குழாயும் திடீரென்று சுத்தமாகிவிடவில்லை. ஒவ்வொரு நாடும் தன்னைத் தன் கடந்த காலத்தோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டால் போதும், பிற நாடுகள் எதற்கு என்று சொல்பவர்கள் இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். படிவம் மாறினால் நேற்றைய ஜப்பானும் இன்றைய ஜப்பானும்கூட இரண்டு நாடுகளாகிவிடுகின்றன. இதய நோயில் இந்தச் சிக்கலை அவிழ்க்க உலக சுகாதார நிறுவனம் 1980களில் ‘மோனிகா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 21 நாடுகளில் 35 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கு வந்த மாரடைப்புகளைச் சான்றிதழை நம்பாமல், ஒரே விதியின்படி, மருத்துவக் குறிப்புகளைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பத்தாண்டு பிடித்த வேலை. நம்பகமான ஒப்பீட்டுக்கு ஆகும் செலவு அது.

எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் தவறும் என்றும் கொள்ளக்கூடாது. அமெரிக்காவின் இறப்புச் சான்றிதழில் 2003இல் ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது: இறந்த பெண் கர்ப்பமாக இருந்தாரா, அண்மையில் பிரசவித்தாரா என்று டிக் போட வேண்டும். தவறவிடப்படும் பேறுகால மரணங்களைப் பிடிப்பதே நோக்கம். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வெவ்வேறு ஆண்டுகளில் இந்தப் படிவத்துக்கு மாறின. கடைசி மாநிலம் மாறி முடிக்கும்போது 2017 ஆகிவிட்டது. கட்டத்தைத் தவறாக டிக் போட்டதில் 85 வயதைக் கடந்த மூதாட்டிகள்கூடக் கர்ப்பிணிகளாகப் பதிவானார்கள். டெக்சஸ் மாநிலத்தில் 2012இல் 147 பேறுகால மரணங்கள் என்று வந்த கணக்கை, பிற ஆவணங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தபோது 56தான் தேறியது. குழப்பம் தாங்காமல் அமெரிக்கா 2007க்குப் பின் பத்தாண்டுக்கு மேல் தேசிய அளவிலான அதிகாரபூர்வ விகிதத்தை வெளியிடவே இல்லை. மீண்டும் 2018ஆம் ஆண்டுக்கு வெளியிட்டபோது அது லட்சம் பிறப்புக்கு 17.4. மற்ற வளமான நாடுகளோடு பார்த்தால் அதுவும் அதிகம்தான். ஆக, டிக் போடும் ஒரு கட்டம் ஊதிப் பெருக்கியதும் உண்மை, ஊதலை நீக்கிய பிறகும் அந்த நாடு பின்தங்கியிருப்பதும் உண்மை.

இதுவரை பார்த்தவை சான்றிதழ் இருக்கும் நாடுகள். சான்றிதழே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இந்தத் துறையின் உண்மையான புத்திசாலித்தனம் இங்கேதான் வெளிப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். வில்லியம் பிராஸ் என்ற பிரிட்டிஷ் மக்கள்தொகையியலாளர் ஆப்பிரிக்கத் தரவுகளோடு மல்லுக்கட்டி ஒரு வழி கண்டார். பெண்களிடம் இரண்டே கேள்விகள்: இதுவரை எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள், அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தேதி வேண்டாம், பிள்ளைகளின் வயது வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். 20 முதல் 24 வயதுள்ள பெண்கள் பெற்ற பிள்ளைகளில் இறந்தவர்களின் பங்கு, ஒரு குழந்தை இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்புக்கு ஏறத்தாழச் சமம். 30 முதல் 34 வயதுப் பெண்களிடம் கிடைப்பது ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு. சிறு திருத்தக் காரணிகளைச் சேர்த்தால் ஒரு நாட்டின் குழந்தை மரண விகிதம் வந்துவிடும். இதில் ஓர் ஓட்டையும் உண்டு. இறந்த தாயிடம் கேள்வி கேட்க முடியாது. எச்ஐவி பரவிய நாடுகளில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே இறந்த வீடுகள் இந்தக் கணக்கில் சுவடில்லாமல் மறைந்தன. இங்கும் பிழை சாய்ந்த பக்கம் அதுவே: நோய் எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்கு அது குறைத்துக் காட்டப்பட்டது.

இந்தியாவின் மாதிரிப் பதிவு முறைக்கு அடிப்படையான யோசனை இதைவிடவும் அழகானது. இந்தியப் புள்ளியியலாளர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் திரட்டிய தரவைக் கொண்டு அதை எழுதினார்கள். ஒரு கிராமத்தின் இறப்புகளை இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியே பட்டியலிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியலில் 80 பெயர், இரண்டாவதில் 70, இரண்டிலும் இருப்பவை 56. இரண்டாமவர் கண்டுபிடித்த 70இல் 56ஐ முதலாமவரும் பிடித்திருக்கிறார் என்றால் அவர் பிடிக்கும் திறன் ஐந்தில் நான்கு. அந்தத் திறனோடு அவர் 80 பிடித்திருக்கிறார் என்றால் மொத்தம் 100 இருக்க வேண்டும். இரண்டு பட்டியலையும் சேர்த்தால் 94 பெயர்தான் வரும். இருவரும் தவறவிட்ட 6 பேரையும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1969-70 முதல் இந்தியாவின் மாதிரிக் கிராமங்களிலும் நகர வட்டங்களிலும் உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் ஒருவர் நிகழ நிகழக் குறித்துவர, மேற்பார்வையாளர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியே வந்து எடுக்கிறார். இரண்டையும் ஒத்துப் பார்த்து, ஒவ்வாதவற்றை மீண்டும் வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்கிறார்கள். குடும்பமே மறைக்க நினைக்கும் சாவு மட்டும் இருவர் கண்ணிலும் படாமல் போகலாம்; பிறந்தவுடன் கொல்லப்பட்ட பெண் சிசு அத்தகையது.

இந்த மாதிரி வீடுகளிலேயே, இறப்பு எப்படி நேர்ந்தது என்று உறவினரிடம் விரிவாகக் கேட்டு, அந்த விவரத்தை இரு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிக்கும் பெரும் ஆய்வு ஒன்று பிரபாத் ஜா தலைமையில் நடந்தது. பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு என்று அதற்குப் பெயர். 2005இல் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 46,000 பேர் இறந்ததாக அது கண்டது. அரசு மருத்துவமனைகளின் அதிகாரபூர்வக் கணக்கைப் போல அது முப்பது மடங்குக்கும் மேல். இறந்தவர்களில் 97 சதவீதம் கிராமத்தவர்கள். கடிபட்டவர் வயல் வரப்பிலோ வண்டியிலோ வைத்தியர் வீட்டிலோ இறந்துபோனால் மருத்துவமனை ஏட்டில் எப்படி ஏறுவார்? மருத்துவமனைக் கணக்கை மட்டும் வைத்துப் பாம்புக்கடியில் இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒப்பிட்டிருந்தால், ஆம்புலன்ஸ் வராத ஊர்கள் அந்த ஒப்பீட்டில் இல்லாமலே போயிருக்கும்.

கோவிட் காலத்தில் இவை அனைத்தும் உலகத்தின் கண்முன் ஒரே சமயத்தில் அரங்கேறின. 2020 வசந்தத்தில் பெல்ஜியம் உலகின் மிக மோசமான நாடுகளில் ஒன்றாகத் தெரிந்தது. முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யாமல் இறந்தவர்களையும் சந்தேகத்தின் பேரில் அது கணக்கில் சேர்த்திருந்தது. பெரு நாடு 2021 மே 31 அன்று தன் கணக்கைத் திருத்தியபோது 69,342 மரணங்கள் ஒரே நாளில் 180,764 ஆயின. ஆகவே காரணத்தைப் பற்றிய சண்டையை விட்டுவிட்டு, மொத்தமாக எத்தனை பேர் இறந்தார்கள், வழக்கமான ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கழித்துப் பார்க்கும் முறைக்கு ஆய்வாளர்கள் திரும்பினார்கள். சாவுக்கு என்ன பெயரிடுவது என்பதில் மருத்துவர்கள் வேறுபடலாம், செத்தவர் செத்தவர்தான். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் இந்த வகையில் 2020, 2021 ஆண்டுகளுக்கு உலகில் 1.49 கோடி மிகை இறப்புகள் என்று மதிப்பிட்டது; இந்தியாவுக்கு 47 லட்சம். இந்தியா அறிவித்திருந்தது சுமார் 4.8 லட்சம். சில மாநிலங்களின் தரவை வைத்துக் கணித மாதிரியால் முழு நாட்டுக்கும் கணித்தது முறையல்ல என்று இந்திய அரசு மறுத்தது. மறுப்பில் முறைசார்ந்த நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மாதிரி தேவைப்பட்டதே நாடு முழுவதற்குமான எண் வெளியே கிடைக்காததால்தான். இந்தியாவின் குடிமைப் பதிவு அறிக்கை 2025இல் வெளியானபோது, 2019இல் 76 லட்சமாகவும் 2020இல் 81 லட்சமாகவும் இருந்த பதிவான இறப்புகள் 2021இல் 102 லட்சமாக ஏறியிருந்தன. அந்த 21 லட்சம் அதிகரிப்பு முழுவதையும் கோவிட் கணக்கில் எழுதிவிட முடியாது; பதிவு செய்யும் பழக்கம் ஆண்டுதோறும் கூடிவருவதும் அதில் அடக்கம். எனினும் அறிவிக்கப்பட்ட எண்ணுக்கும் நடந்ததற்கும் இருந்த இடைவெளியைப் பற்றி வாதிட இனி அதிகமில்லை.

கணித மாதிரிகளை இங்கே கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். ‘இவ்வளவு தலைவலி எதற்கு, உலக நோய்ச்சுமை ஆய்வு போன்றவை எல்லா நாடுகளுக்கும் எல்லா நோய்களுக்கும் எண் தருகின்றனவே, அவற்றை எடுத்து ஒப்பிட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் பலர். கிறிஸ்டோபர் மரே, ஆலன் லோபஸ் இருவரும் 1990களில் தொடங்கிய அந்த ஆய்வு பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் தரவு இல்லாத நாட்டுக்கு அது எண் தருவது எப்படி? அண்டை நாடுகளின் போக்கு, தனிநபர் வருமானம், பெண்கல்வி ஆகியவற்றிலிருந்து ஊகித்துத்தான். பிறகு வேறொருவர் அதே எண்ணை எடுத்து, வருமானம் கூடினால் இறப்பு குறைகிறதா என்று ஆராய்ந்து, குறைகிறது என்று மகிழ்ச்சியோடு முடிவு எழுதுகிறார். வருமானத்தை வைத்துத்தான் அந்த இறப்பே கணிக்கப்பட்டது என்பது அவருக்கு மறந்துவிடுகிறது. ஊகங்கள் எவ்வளவு விலகக்கூடும் என்பதற்கு மலேரியா ஓர் உதாரணம்: இந்தியாவில் ஆண்டுக்கு 15,000 மரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்தபோது, ஜா குழுவினர் 2010இல் 2,05,000 என்றார்கள். வீட்டாரின் நினைவிலிருந்து மலேரியாவைப் பிற காய்ச்சல்களிலிருந்து பிரிக்க முடியாது என்று அந்த எண்ணையும் பலர் ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் மருத்துவ அமைப்புகளைத் தரவரிசைப்படுத்தி பிரான்சுக்கு முதலிடமும் அமெரிக்காவுக்கு 37ஆம் இடமும் கொடுத்தது. அதில் மக்களின் எதிர்பார்ப்புக்கு மருத்துவ அமைப்பு எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்ற அளவு, 35 நாடுகளில் கேட்டதை வைத்து மற்ற 156 நாடுகளுக்கும் ஊகிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் அந்த நிறுவனம் அப்படியொரு பட்டியலை மறுபடி போடவேயில்லை. அமெரிக்காவின் ‘37ஆம் இடம்’ மட்டும் மேடைப் பேச்சுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாதிரிகள் வேண்டாம் என்பதல்ல வாதம். இல்லாத தரவை இருப்பதுபோல் காட்டும் வழவழப்பான வரைபடம், எண்ணத் தொடங்க வேண்டும் என்ற அவசரத்தை ஓர் அரசிடமிருந்து பறித்துவிடுகிறது என்பதே குறை. யார் எண்ணுவது, யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியும் இதோடு ஒட்டியது. 1984இல் அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் தொடங்கிய மக்கள்தொகை, உடல்நல ஆய்வுத் திட்டம் 90 நாடுகளில் 400க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒரே கேள்வித்தாள் அமைப்பில் நடத்த உதவியது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குக் குழந்தை மரணம் பற்றி நம்பகமாகத் தெரிந்ததெல்லாம் அதிலிருந்துதான். 2025 பிப்ரவரியில் வாஷிங்டன் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. களத்தில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகளும் பாதியில் நின்றன. பிற நிதி ஓரளவு கைகொடுத்தது என்றாலும், பத்தாண்டுக்குள் குழந்தை மரணம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே தெரியாத நாடுகள் பெருகக்கூடும். ஏழை நாடுகளை ஒப்பிடுவதே பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதில் பாதி நியாயம் இருக்கிறது: கணக்குப் பிள்ளையை வெளியூர்க்காரர் அனுப்பினால் அவர் நினைத்த நாளில் திரும்ப அழைத்துக்கொள்வார். அதற்கு மருந்து, ஒப்பீட்டைக் கைவிடுவதல்ல. பிறப்பு இறப்புப் பதிவை ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் செலவில், எந்த ஆட்சி வந்தாலும் நிற்காதபடி நடத்துவது.

இந்தியாவுக்கு அந்தப் பாதையில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. 2020இல் பதிவான இறப்புகளில் சுமார் 22 சதவீதத்துக்குத்தான் மருத்துவரின் காரணச் சான்று இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் கொண்டுவந்த திருத்தம், தங்களிடம் நேரும் ஒவ்வொரு இறப்புக்கும் காரணச் சான்றைப் பதிவாளருக்கு அனுப்பவும் அதன் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கவும் எல்லா மருத்துவ நிறுவனங்களையும் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே வீட்டில் ஓர் இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அதற்குள் பதிந்தால் கட்டணமில்லை. மருத்துவமனையில் நேர்ந்திருந்தால் காரணச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த நோயால் நின்றது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.